விடுதலைக்குப் பிறகு அமெரிக்கத் திறந்தவெளி மதக் கூட்டங்களில் நிறப்பகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். காலம் 1865-ல் அடிமை முறை ஒழிந்ததிலிருந்து 1910-கள் வரை. களம் பெரும்பாலும் தெற்கு மாநிலங்கள். தேவைப்படும் இடத்தில் மட்டும் முன்னும் பின்னும் போயிருக்கிறோம்.

கேம்ப் மீட்டிங்னா என்ன? நம்ம ஊர்ல மைதானத்துல நடத்துற கன்வென்ஷன் கூட்டம் மாதிரியா?

ஏறக்குறைய அதுதான். ஆனால் வந்தவர்கள் சாயங்காலம் வீடு திரும்ப மாட்டார்கள். குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து, நாலு நாளிலிருந்து ஒரு வாரம் வரை அங்கேயே சமைத்து, தூங்கி, ஜெபித்துவிட்டுப் போவார்கள். 1801 ஆகஸ்டில் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் நடந்த கூட்டம்தான் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அங்கே பத்தாயிரத்துக்குக் குறையாமல் கூடினார்கள் என்பதே பொதுவான மதிப்பீடு. பிறகு மெதடிஸ்ட் சபையார் இதைத் தங்கள் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

மைதானத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் கீழே வரும் பதில்கள் புரியும். நடுவே பந்தல். அதன் ஒரு முனையில் பிரசங்க மேடை. மேடைக்கு முன்னால் வைக்கோல் பரப்பிய இடம். மனந்திரும்ப வருகிறவர்கள் அங்கே மண்டியிடுவார்கள். பிறகு பெஞ்சுகள், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இவற்றைச் சுற்றி வட்டமாகவோ சதுரமாகவோ கூடாரங்கள். காலப்போக்கில் துணி போய்ப் பலகைக் குடில்கள் வந்தன. அவற்றையும் கூடாரம் என்றே சொன்னார்கள். தென் கரோலினாவில் செயின்ட் ஜார்ஜ் அருகே உள்ள இண்டியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் இப்படி 99 குடில்கள் ஒரே வட்டமாக நிற்கின்றன. வெளிச்சத்துக்கு ஆள் உயர மரமேடை அமைத்து, மேலே மண் கொட்டி, அதில் பிசின் நிறைந்த பைன் கட்டைகளை எரிப்பார்கள். ஆராதனைக்கு அழைப்பது கொம்பு ஊதி.

எதுக்கு எல்லாக் கூட்டமும் ஆகஸ்ட் மாசத்தைச் சுத்தியே வருது?

பருத்திதான் காரணம். ஜூலைக் கடைசியில் களையெடுப்பு முடிந்துவிடும். காய் வெடித்துப் பறிப்பு தொடங்கக் கொஞ்ச நாள் ஆகும். வருடத்தில் வயல் வேலை ஓயும் காலம் அது. சில மைதானங்கள் அறுவடை முடிந்து அக்டோபரில் கூடின. வேலை ஓயும் காலம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒன்றுதான் என்பதால் இரு தரப்புக் கூட்டங்களும் அதே வாரங்களில், அதே சாலைகளில், அதே ரயில் நிலையங்களில் எதிர்ப்பட்டன.

அடிமை முறை இருந்த காலத்துல ரெண்டு பேரும் ஒரே மைதானத்துலதானே கும்பிட்டாங்க?

ஒரே மைதானம், ஒரே இடமில்லை. பல தெற்குக் கூட்டங்களில் பிரசங்க மேடைக்குப் பின்பக்கம் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. பிரசங்கியாரின் முகம் வெள்ளையர் பக்கம், முதுகு இவர்கள் பக்கம். இரண்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு இருப்பதும் உண்டு. கடைசி நாளில் தடுப்பை எடுத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து பாடிக்கொண்டே மைதானத்தைச் சுற்றிவரும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. 'அந்தக் காலத்தில் ஒற்றுமை இருந்தது' என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு நாளைத்தான் காட்டுகிறார்கள். மற்ற நாட்களைக் கணக்கில் எடுக்காமல் அப்படிச் சொல்வது நேர்மையாகாது.

இதற்கு மேல் சட்டத்தின் காவலும் இருந்தது. 1831 ஆகஸ்டில் வர்ஜினியாவில் நாட் டர்னர் என்ற அடிமைப் பிரசங்கி கிளர்ச்சி நடத்தினார். அடுத்த ஆண்டே கறுப்பினத்தவர் பிரசங்கம் பண்ணவும் மதக் கூட்டம் நடத்தவும் அங்கே தடை வந்தது. அதனால் அவர்களுடைய சொந்த வழிபாடு காட்டுக்குள், இரவில், தழைப் பந்தலுக்குக் கீழே ஒளிந்து நடந்தது. விடுதலைக்குப் பிறகு அவர்கள் எழுப்பிய மைதானங்களில் முதலில் போட்டதும் தழைப் பந்தல்தான்.

அப்போ விடுதலை கிடைச்சதும் சேர்ந்தே இருந்திருக்கலாமே? யார் யாரை வெளியே தள்ளினாங்க?

பெரும்பாலும் கறுப்பினத்தவரே எழுந்து போனார்கள். தெற்கு மெதடிஸ்ட் சபையில் 1860-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின உறுப்பினர்கள், 1866-ல் சுமார் 78,000 ஆகக் குறைந்தார்கள். வெளியேறியவர்கள் தங்கள் இனத்தவரே நடத்திய சபைகளுக்குப் போனார்கள்: 1816-ல் ரிச்சர்ட் ஆலன் தலைமையில் பிலடெல்ஃபியாவில் அமைந்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை, நியூயார்க்கில் தோன்றிய சயன் சபை, இவற்றோடு பாப்டிஸ்ட் சபைகள். மேடைக்கு முன்னால் உட்காரும் உரிமையும், மேடையில் தன் ஆள் நிற்கும் உரிமையும் ஒரு சேர வேண்டுமென்றால் வேறு வழி இருக்கவில்லை.

மிஞ்சியவர்களைத் தெற்கு மெதடிஸ்ட் சபை 1870 டிசம்பரில் டென்னஸியின் ஜாக்சனில் தனிச் சபையாக அமைத்துப் பிரித்துவிட்டது. ஆலயக் கட்டடங்களைக் கொடுத்தார்கள், ஆனால் அங்கே அரசியல் கூட்டம் நடத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த நிபந்தனையை மனதில் வையுங்கள். விடுதலை பெற்றவர்கள் மொத்தமாகக் கூடும் இடம் என்றால், வெள்ளையர் கண்ணில் முதலில் பட்டது வாக்குரிமைதான்.

தனித்தனியா பிரிஞ்ச பிறகு மோதலுக்கு என்ன காரணம்? அவங்க பாட்டுக்கு இவங்க பாட்டுக்கு இருந்திருக்கலாமே?

பிரிந்தது ஆராதனைதான், கூட்டம் பிரியவில்லை. கறுப்பின முகாமுக்கு வெள்ளையர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பாட்டு கேட்க, ஆவி நிறைந்து ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க, குடிக்க. வெள்ளையர் முகாமுக்குக் கறுப்பினத்தவர் சமையல், வண்டி, குதிரை வேலைக்கு வந்தார்கள். மோதல்களில் பெரும்பாலானவை பந்தலுக்குள் தொடங்கவில்லை. வாசலில், குதிரை கட்டும் இடத்தில், சாராய வண்டி நிற்கும் சாலையோரத்தில், நீரூற்றுக்குப் போகும் பாதையில் தொடங்கின.

நடைமுறை எப்படி என்றால், முகாம் நடத்தும் குழு உணவுக் கடை, மிட்டாய்க் கடை, குதிரைப் பட்டி ஆகியவற்றை ஏலம் விட்டுச் செலவைச் சமாளிக்கும். மைதானத்தைச் சுற்றி ஒரு மைல், இரண்டு மைல் தூரத்துக்குச் சாராயம் விற்கக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் இருந்தது. ஆகவே விற்பவன் எல்லைக்கோட்டுக்கு அடுத்த அடியில் வண்டியை நிறுத்துவான். ஞாயிறு பிற்பகலில் குடித்த வெள்ளை இளைஞர் கூட்டம் உள்ளே வரும். ஒரு பெண்ணைச் சீண்டும், அல்லது பெஞ்சில் முன்வரிசையைக் கேட்கும். ஒழுங்கு காக்க நிற்கும் கறுப்பினத் தொண்டர் அவர்களைத் தடுத்தாலே போதும்: கறுப்பர் வெள்ளையர் மேல் கை வைத்தார் என்ற பேச்சு பக்கத்து ஊருக்குப் பறக்கும். அதற்குப் பிறகு யார் தொடங்கியது என்பதை எவரும் கேட்பதில்லை.

இதுல ரயில் கம்பெனி எங்கே வந்தது?

பணத்துக்காக வந்தது. கூலி வேலையும் வீட்டு வேலையும் செய்கிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்றைக்கு நகரத்திலிருந்து முகாமுக்குச் சலுகைக் கட்டணத்தில் சிறப்பு ரயில் விடுவார்கள். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை முகாம் குழுவுக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. அதனால் குழு கூட்டத்தைக் குறைக்கவே விரும்பாது. இருநூறு பேருக்கான நீரூற்றில் இரண்டாயிரம் பேர் வந்து நிற்பார்கள். சாயங்காலம் திரும்பும் ரயிலுக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் நடைமேடையில் குவிவார்கள். மேலே சொன்ன குடியும் சேர்ந்தால் அங்கேதான் வெடிக்கும். டென்னஸி 1881-லும் ஃப்ளோரிடா 1887-லும் ரயில் பெட்டியைப் பிரிக்கும் சட்டம் கொண்டுவந்தன. மற்ற தெற்கு மாநிலங்கள் அடுத்தடுத்துப் பின்தொடர்ந்தன. சட்டம் வந்த பிறகு, எந்தப் பெட்டியில் யார் ஏறுவது என்பதே புதிய தகராறாகிவிட்டது.

சிறப்பு ரயில் நல்லதுக்கு மட்டும் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1899 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜியாவின் நியூனன் அருகே சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை உயிரோடு எரித்தார்கள். அதைப் பார்க்க அட்லாண்டாவிலிருந்து சிறப்பு ரயிலில் ஆட்கள் போனார்கள். எழுதவே கை நடுங்கும் செய்தி இது. ஆனால் அன்றைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பது எதுவாகவெல்லாம் மாறக்கூடும் என்பது இதைத் தவிர்த்தால் புரியாது.

மத ஆராதனைக்கு இடைஞ்சல் பண்ணினா தண்டனைன்னு சட்டம் இருந்ததே, அது என்ன ஆச்சு?

சட்டம் மாநிலத்துடையது, அதை நடத்துவது கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஷெரிஃப், தீர்ப்புச் சொல்வது ஜூரி. 1870-கள் முடிவதற்குள் தெற்கில் இந்த மூன்றுமே வெள்ளையர் கைக்குத் திரும்பிவிட்டன. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து சட்டம் போட்டு விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1880-ல் சொன்னது. சட்டம் இல்லாமலே விலக்குவது தொடர்ந்தது. ஆகவே அதே சட்டப் பிரிவு, வெள்ளையர் முகாமில் சத்தம் போட்ட கறுப்பரைப் பிடிக்க உடனே வேலை செய்தது. கறுப்பின முகாமில் துப்பாக்கி தூக்கிய வெள்ளையரிடம் அபூர்வமாகவே வேலை செய்தது.

மத்திய அரசு ஏன் தலையிடவில்லை என்பது அடுத்த கேள்வியாக வரும். 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பினத்தவர் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 1876-ல் உச்ச நீதிமன்றம் தந்த க்ரூக்ஷாங்க் தீர்ப்பு, கூடும் உரிமையைத் தனியார் பறித்தால் மத்திய அரசு வழக்குப் போட முடியாது, மாநிலத்திடம் போங்கள் என்றது. பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுத்த 1875 சிவில் உரிமைச் சட்டமும் உதவவில்லை. செனட்டர் சம்னர் கொண்டுவந்த முதல் வரைவில் ஆலயங்களும் இருந்தன; நிறைவேறிய சட்டத்தில் அவை இல்லை. அந்தச் சட்டத்தையே 1883-ல் நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

கு க்ளக்ஸ் கிளான் இந்த முகாம்களை நேரடியா தாக்கினதா?

கிளான் வெள்ளையர் ஆதிக்கத்துக்காக வன்முறை செய்த ரகசிய அமைப்பு. அதைப் பற்றிய சாட்சியங்களில் அதிகம் வருவது முகாமைவிடச் சிறிய இலக்குகள்தான்: தனியாக நிற்கும் ஆலயம், பள்ளிக்கூடம், பிரசங்கியாரின் வீடு. கிளான் பரவுவதற்கு முன்பே, 1866 மே மாதம் மெம்ஃபிஸ் கலவரத்தில் 46 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள், அவர்களுடைய நான்கு ஆலயங்கள் எரிக்கப்பட்டன. 1871-ல் தென் கரோலினாவின் யார்க் கவுண்டியில் எலையாஸ் ஹில் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கியாரை இரவில் வீட்டிலிருந்து இழுத்துச் சாட்டையால் அடித்தார்கள். சிறு வயதிலிருந்தே கைகால் முடங்கியவர் அவர். அரசியல் பிரசங்கம் செய்தார் என்பது அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு முன் சாட்சி சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு லைபீரியாவுக்கே போய்விட்டார்.

எங்கள் கணிப்பு: பல நூறு குடும்பங்கள் விழித்திருக்கும் மைதானத்துக்குள் இரவில் நுழைவது தாக்குகிறவர்களுக்கும் ஆபத்து. பயமுறுத்தல் முகாமுக்கு முந்திய வாரங்களில், நடத்துகிறவர்களின் வீட்டு வாசலில் நடந்தால் போதும். கூட்டம் தானாகக் குறையும்.

சொந்த மைதானம் எப்படி வாங்கினாங்க? கையில காசே இருந்திருக்காதே?

எங்களைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். பந்தலில் யார் எங்கே உட்கார்வது என்பதை முடிவு செய்தது கடைசியில் நிலப் பத்திரம். 1870 வாக்கிலிருந்து கரோலினாக்களில் கறுப்பின மைதானங்கள் வரிசையாக எழுந்தன: வட கரோலினாவின் லிங்கன் கவுண்டியில் டக்கர்ஸ் க்ரோவ், தென் கரோலினாவில் ரிட்ஜ்வே அருகே கேம்ப் வெல்ஃபேர், டார்செஸ்டர் கவுண்டியில் ஷேடி க்ரோவ், ஹார்லிவில் அருகே செயின்ட் பால். ஷேடி க்ரோவ் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி: மழைக்கு ஒதுங்கிய விடுதலை பெற்ற குழுவினர், நிலக்காரருக்கு ஒரு நாள் அறுவடை வேலை செய்து கொடுத்தார்கள், அதற்கு நன்றியாக அவர் அந்தத் தோப்பைக் கொடுத்தார்.

வாய்மொழியாகக் கிடைத்த நிலத்தில்தான் சிக்கல். கொடுத்தவர் இறந்ததும் வாரிசுகள் திரும்பக் கேட்பார்கள். பத்திரம் ஒரு தனி ஆள் பேரில் இருந்தால், அவர் போன பிறகு பல வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்றாலும் மொத்த நிலமும் ஏலத்துக்குப் போகக்கூடும். வரி பாக்கியும் அப்படியே. தப்பித்த மைதானங்களைப் பார்த்தால், சபையின் பொறுப்பாளர்கள் ஐந்தாறு பேர் கூட்டாகப் பேர் போட்டு, அவர்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் செல்லும்படி எழுதிப் பதிவு செய்திருப்பார்கள். நீரூற்றும் அதே பத்திரத்துக்குள் அடங்கியிருந்ததா என்று பாருங்கள். ஊற்று பக்கத்து நிலத்தில் இருந்தால், அந்த நிலக்காரர் மனம் மாறிய ஆண்டோடு முகாம் முடிந்தது.

வடக்கு மாநிலங்கள்ல இந்தப் பிரச்சினை இல்லைதானே?

இருந்தது, சட்டம் எழுதாமல். 1867-ல் நியூ ஜெர்ஸியின் வைன்லண்டில் தொடங்கிய பரிசுத்தமாகுதல் இயக்கத்தின் முகாம்களில் ஆமண்டா ஸ்மித் பிரசங்கித்தார். 1837-ல் மேரிலண்டில் அடிமையாகப் பிறந்த பெண் அவர். தகப்பன் உழைத்துக் குடும்பத்தை மீட்டார். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் முகாமில் வெள்ளையர் கூட்டம் கூட்டமாக அவர் பின்னால் வந்து முறைத்துப் பார்த்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் பிரசங்கத்தைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கியவர்களும் உண்டு. 1879-லிருந்து சுமார் இரண்டு ஆண்டுகள் அவர் இந்தியாவிலும் ஊழியம் செய்தார்.

நியூ ஜெர்ஸிக் கடற்கரையில் 1869-ல் அமைந்த ஓஷன் க்ரோவ் முகாம் நகரத்துக்கு ஒரு ஏரியின் அக்கரையில் ஆஸ்பரி பார்க். அதை நிறுவிய ஜேம்ஸ் பிராட்லி 1880-களின் நடுவில் கடற்கரை நடைபாதையில் கறுப்பினத்தவர் கூட்டத்தைக் குறைக்கப் பார்த்தார். அங்கே உழைத்த கறுப்பினத்தவர் 1887-ல் தங்கள் ஆலயத்தில் கூடி வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

டி. எல். மூடி மாதிரி பெரிய பிரசங்கியார்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலியை எடுத்திருக்க மாட்டாங்களா?

மூடிக்கு அந்த வாய்ப்பு 1876-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் வந்தது. திறந்தவெளிக் கூட்டத்தில் இரு தரப்புக்கும் நடுவே வேலி போட்டிருந்தார்கள். முதலில் எதிர்ப்புத் தெரிவித்தார். உள்ளூர் வெள்ளையர் முகம் சுளித்ததும் விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவருடைய தெற்குப் பயணங்களில் பிரித்து உட்காரவைப்பதே நடைமுறையானது. கறுப்பினப் போதகர் ஃபிரான்சிஸ் கிரிம்கேயும், கொலைக் கும்பல்களை அம்பலப்படுத்திய ஐடா பி. வெல்ஸும் இதற்காக அவரைக் கடுமையாகச் சாடினார்கள். ஆத்தும ஆதாயம்தான் முக்கியம், மற்றது பிறகு என்ற அவருடைய வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. வேலி நிற்கும்போது அதைப் பற்றிப் பேசாமலிருப்பதும் ஒரு பிரசங்கமே.

கறுப்பின ஆயர்களே இந்தக் கூட்டங்களை எதிர்த்தாங்கன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையின் ஆயர் டேனியல் பெய்ன், 1878 வாக்கில் தான் போன ஒரு காட்டுக் கூட்டத்தில், பிரசங்கம் முடிந்ததும் மக்கள் வட்டமாக நின்று கைதட்டிக் கால் மிதித்துப் பாடியதை நிறுத்தச் சொன்னார். வட்டம் இல்லாவிட்டால் பாவிகள் மனந்திரும்ப மாட்டார்கள் என்று அந்தக் குழுவின் தலைவர் பதில் சொன்னார். பெய்ன் கவலைப்பட்டதற்குக் காரணம் உண்டு: வேடிக்கை பார்க்க வந்த வெள்ளையரின் சிரிப்பு. ஆனாலும் இதில் நாங்கள் அந்தத் தலைவர் பக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, ஒளித்துக் காப்பாற்றிய வழிபாட்டை, சிரிக்கிறவர்களுக்காக விட வேண்டியதில்லை.

1906-ல அசூசா தெரு எழுப்புதல்ல நிற வேறுபாடே மறைஞ்சுபோச்சுன்னு எங்க சபையில சொல்றாங்களே?

லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் நடந்த அந்தப் பெந்தெகொஸ்தே எழுப்புதலில் கொஞ்ச காலம் உண்மையிலேயே அப்படி இருந்தது. நடத்தியவர் வில்லியம் சீமோர், அடிமையாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். ஹூஸ்டனில் சார்ல்ஸ் பார்ஹாம் என்ற வெள்ளைப் பிரசங்கியாரின் வேதாகம வகுப்பைப் பிரிவினை காரணமாக அறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவர். லாஸ் ஏஞ்சலஸில் அவர் கூட்டத்தில் எல்லா நிறத்தவரும் சேர்ந்து மண்டியிட்டார்கள். 1906 அக்டோபரில் அங்கே வந்த பார்ஹாம், அப்படிக் கலந்திருந்ததையே கண்டித்தார். 1913-ல் அரோயோ செகோவில் நடந்த பெரிய முகாமுக்குச் சீமோர் வந்திருந்தும், அவரை மேடைக்கு அழைக்கவில்லை. 1914-ல் ஹாட் ஸ்பிரிங்ஸில் வெள்ளைப் பிரசங்கியார்கள் தனி அமைப்புக் கண்டார்கள். நிலமும் மேடையும் யார் கையில் என்ற மேற்சொன்ன கேள்வியை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

பழைய பேப்பர்ல 'கறுப்பர் முகாமில் கலவரம்'னு நிறைய செய்தி வருது. அப்படியே எடுத்துக்கலாமா?

வேண்டாம். முதல் நாள் தந்தி பெரும்பாலும் வெள்ளைத் தரப்பில் ஒருவர் சொன்னது. அடையாளம்: வெள்ளையருக்குப் பெயர் இருக்கும், இறந்த கறுப்பருக்கு எண்ணிக்கை மட்டும் இருக்கும். எண்ணிக்கையும் முதல் நாளில் பெருத்திருக்கும். குறைந்தது அடுத்த ஒரு வாரத்து இதழ்களைப் பாருங்கள். பல தலைப்புகள் சத்தமில்லாமல் சுருங்கிப்போகும், சில காணாமலே போகும்.

பிறகு கறுப்பினப் பத்திரிகைகள்: கிறிஸ்டியன் ரெக்கார்டர், ஸ்டார் ஆஃப் சயன், ரிச்மண்ட் பிளானெட், கிளீவ்லண்ட் கெஸட். முதல் இரண்டும் சபை இதழ்கள் என்பதால், முகாம் நடத்திய போதகரின் கடிதமே கிடைக்க வாய்ப்புண்டு. அடுத்து கவுண்டியில் மரண விசாரணைக் குறிப்பும் நீதிமன்றப் பதிவேடும். கைதானவர் யார், வழக்கு நடந்ததா என்று அவை சொல்லும். நிலப் பதிவேட்டில் சபையின் பெயரைத் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பொறுப்பாளர்களின் தனிப் பெயர்களில் தேடுங்கள். போதகரின் கடிதத்தில் அந்தப் பெயர்கள் இருக்கும்.